பதினொன்று நாற்பதில் நின்ற திரை

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். தூறல்கூட இல்லை, வெறும் புழுக்கம். துணி மூன்று நாளாகக் காயவில்லை. ஈர வாடை அடிக்கிற யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாப்பா பள்ளிக்கூடம் போனாள்.

இன்று செய்ய: காஸ் புக்கிங். கடைவாய்ப் பல், டாக்டர் (இந்த வாரமாவது). கலெக்டர் ஆபீசுக்குச் சாரின் கடிதம், இரண்டு பிரதி. கறிவேப்பிலை.

மாடி வீட்டு அம்மா படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "தெனம் டப்பாவத் தூக்கினு போறியே, இன்னாதாண்டி வேல அங்க?" எத்தனை தடவை சொல்வது. கல்வராயன் மலையில், மேல்காடு என்கிற ஊருக்கும் மேலே, ஓடையில் ஒரு குழாய் நட்டு அளவுக் கருவி வைத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் எவ்வளவு உயரம் என்று எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். நூறு செ.மீ. தாண்டினால் கம்ப்யூட்டரே மேல்காட்டு ஃபோன்களுக்கெல்லாம் போன் போட்டுத் தரைப்பாலத்தில் இறங்காதீர்கள் என்று சொல்லும். பாலத்துப் பக்கம் வெயில் அடிக்கும், மழை மேலே கொட்டியிருக்கும், தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதற்குத்தான் இத்தனையும். "எல்லாம் அதுவே பண்ணுதுன்னா நீ இன்னா பண்ற?" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பாக்கறதுக்கு ஒரு ஆளு!" என்று சிரிப்பு.

ஃபோனில் பேசுகிற குரலே என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கலாம். பீத்திக்கொள்கிறாள் என்பாள். சொல்லவில்லை.

ஆபீசில் கம்ப்யூட்டர் இரண்டு, கீபோர்டு ஒன்று. நடுவில் ஒரு பொத்தான். ஒரு அழுத்து அழுத்தினால் நான் கடிதம் அடிக்கிற வெள்ளைப் பக்கம். மறுபடி அழுத்தினால் ஓடையின் கறுப்புத் திரை. கறுப்பில் வரி வரியாக விழும்: இடது ஓரம் மணி, வலது ஓரம் உயரம்.

காலை முழுக்கக் கடிதம். கரண்ட் ஆட்டம் காட்டிக்கொண்டே இருந்தது. யூபிஎஸ் கீச் கீச். கீச் என்றதும் என் இடது கை கண்ட்ரோல் எஸ் அடித்து, அதுவரை அடித்ததைச் சேமித்துவிடும். இங்கே வருமுன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டி.டி.பி. கடையில் பதினொரு வருஷம் டைப் அடித்த பழக்கம். ஒரு தடவை கரண்ட் போய் கல்யாணப் பத்திரிகை போச்சு, இன்னொரு தடவை ஒரு காலேஜ் பையனின் ப்ராஜெக்ட் நாற்பது பக்கம் போச்சு, அவன் கடையிலேயே உட்கார்ந்து அழுதான். அதிலிருந்து முற்றுப்புள்ளி வைத்தால் ஒரு எஸ், மின்விசிறி மெதுவானால் ஒரு எஸ், சும்மா இருந்தால் ஒரு எஸ். மனசுக்கு முன்னால் விரல் போகும்.

மதியம் மூன்று தடவை ஓடையைப் பார்த்தேன். 32. 32. 32. நல்ல பிள்ளை. தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய், பல்லில் சுரீர்.

மாலை ஐந்துக்கு மேல்காட்டிலிருந்து போன். ஒரே இரைச்சல். "ஆபீசா? இன்னா புடுங்கினு இருக்கீங்க அங்க? ஃபோனே வரலியே! தங்கம்மாவ தண்ணி இட்டுனு பூடுச்சு!"

திரையைப் பார்த்தேன். 32. அப்புறம்தான் இடது ஓரத்தைப் பார்த்தேன். மணி 11.40.

என்டர் தட்டினேன். ஒன்றுமில்லை. ஸ்பேஸ். ஒன்றுமில்லை. சுவரில் ஒட்டிய அட்டையில் 'திரை தொங்கினால் கண்ட்ரோல் சி, பிறகு ஸ்டார்ட் என்று தட்டவும்' என்று இருக்கிறது. தட்டினேன். இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை ஓடியது. சரசரவென்று வரிகள். 34, 41, 77, 118, 163. எல்லாவற்றுக்கும் ஒரே மணி, 5.10. நூறைத் தாண்டியதும் மேல்காட்டு ஃபோன்கள் எல்லாம் அடித்திருக்கும். என் குரல் எல்லார் கையிலும் பேசியிருக்கும். தண்ணீர் வந்து, அடித்து, பாதி வடிந்த பிறகு.

தங்கம்மா உயிரோடு இருக்கிறாள். சந்தையிலிருந்து வரும்போது பாலத்தில் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. புங்க மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு கிடந்தவளை இரண்டு பேர் இழுத்துப் போட்டார்களாம். வலது கால் முறிந்து, ஆம்புலன்சில் கீழே கொண்டுவருகிறார்கள்.

கறிவேப்பிலை வாங்கவில்லை.

நவ. 4, செவ்வாய்

வெயில். பாவி வெயில், நேற்று எங்கே போனது.

ஒன்பது மணிக்கே சார் வந்துவிட்டார். பத்துக்கு அண்ணாமலை அண்ணன். குழாயில் இலை அடைக்காமல் காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்கிறவர் அவர். மேல்காட்டுக்காரர். அடிபட்ட தங்கம்மா அவர் பெண்டாட்டி பாக்கியத்தின் கூடப் பிறந்த அக்கா. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேராக இங்கே. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எம்மேலதாங்க தப்பு."

சார் நிமிர்ந்தார். "இன்னா தப்பு?"

"மத்தியானம் கொழாயண்ட போவலிங்க. அண்ணன் வூட்டுல காது குத்து. காலைல போயி தள்ளிட்டு வந்தேன், சாங்காலம் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன். எல அடச்சிருக்கும். அதான் தண்ணி ஏறனது மிசினுக்குத் தெரியல."

அவராகவே வந்து, யாரும் கேட்காமல். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த நிமிடம் வரைக்கும் வெறும் பாவம்தான், சத்தியமாக.

பன்னிரண்டு மணிக்கு நவீன் போன். சென்னையில் இருக்கிறான், இந்த புரோகிராமை எழுதியவன். இங்கே இரண்டே தடவை வந்திருக்கிறான். "அக்கா, 11.40-லருந்து 5.10 வரைக்கும் ஒண்ணுமே பதிவாகல. ஆனா புரோகிராம் சாகல, உயிரோடதான் இருந்திருக்கு. எங்கயோ மாட்டிக்கிட்டு நின்னிருக்கு. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்த கறுப்பு ஸ்க்ரீன்ல கண்ட்ரோல் எஸ் ஏதாவது அடிச்சீங்களா?"

"இல்லப்பா," என்றேன். "நான் அந்தப் பக்கமே போகல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கேள்வி முடியுமுன் வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடித்தபோதே யூபிஎஸ்ஸின் கீச் காதில் கேட்டது. பதினொன்றரைக்கு மேல் ஓடையைப் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தியது. விசிறி மெதுவானது. கை போனது. வெள்ளைப் பக்கத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று நினைத்திருந்தேனா? ஞாபகம் இல்லை. ஞாபகம் இருக்கிறது.

"அப்ப டவரா இருக்கும், இல்ல மேல கருவில ஏதோ," என்றான் நவீன். "பாக்கறேன் அக்கா. நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

சாரிடம் அதையே சொன்னேன். சார் தலையாட்டினார். "டவர் மேல எழுதனா எவன் பதில் சொல்லுவான்? அண்ணாமலையே ஒத்துக்கினான். அத வச்சி ரிப்போர்ட் அடிச்சிடு."

நவ. 5, புதன்

காஸ் வந்தது. பல் வீங்கியிருக்கிறது.

ஆபீசுக்கு எட்டரைக்கே போய்விட்டேன். யாரும் இல்லை. வானம் பளிச். கறுப்புத் திரை, 8.40, உயரம் 35. கண்ட்ரோல் எஸ் அடித்தேன்.

8.45. வரி விழவில்லை. 8.50. விழவில்லை. திரையில் எந்த எழுத்தும் இல்லை, நின்றுவிட்டேன் என்று ஒரு வார்த்தை இல்லை, பீப் இல்லை. 35 என்று சாதுவாக நிற்கிறது. இதைத்தான் திங்கள் முழுக்கப் பார்த்துக்கொண்டு தயிர் சாதம் தின்றேன்.

இணையத்தில் பார்த்துவைத்த கண்ட்ரோல் கியூ அடித்தேன். இரண்டு வரியும் தபதபவென்று விழுந்தன.

நான்தான். சந்தேகமே இல்லை. என் கைதான்.

அப்புறம் உறைத்தது: சோதிக்கிறேன் என்று பத்து நிமிடம் மறுபடி நிறுத்தியிருக்கிறேன். வெயில்தான், ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும். அறிவு கெட்டவளே.

பத்து மணிக்கு நவீனிடம் பேச்சுக் கொடுத்தேன், சும்மா தெரிந்துகொள்ள என்று. பிள்ளைக்கு ஒரே குஷி, யாரும் இதையெல்லாம் கேட்பதில்லையாம். "கீபோர்டு நேரா புரோகிராம்கிட்ட பேசாதுக்கா. நடுவுல டெர்மினல்னு ஒருத்தர் இருக்காரு, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. சாதா எழுத்துன்னா உள்ள அனுப்பிடுவாரு. சில சாவிங்கள மட்டும் அவரே புடிச்சிக்கிட்டு, எழுத்தா அனுப்பாம சிக்னலா அனுப்புவாரு." குறித்துக்கொண்டது:

கண்ட்ரோல் சி. நிறுத்து என்கிற சிக்னல். புரோகிராம் விரும்பினால் மூட்டை முடிச்சு கட்டிக்கொண்டு போகலாம், கேட்காத மாதிரியும் இருக்கலாம். பெரும்பாலும் அங்கேயே செத்துவிடும்.

கண்ட்ரோல் இசட். சாகாது, தூங்கும். நம் வேர்டில் அடித்ததை அழிக்கிற சாவி, இங்கே ஆளையே படுக்கவைக்கிறது. தூங்குகிறது என்று திரையில் ஒரு வரி வரும். fg என்று தட்டினால் எழுந்து வரும்.

கண்ட்ரோலோடு பின்சாய்ந்த கோடு. சியைவிடக் கோபம். சாகும்போது மண்டைக்குள் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டுச் சாகும், என்ன நடந்தது என்று பிறகு பார்க்க.

கண்ட்ரோல் எஸ். இது சிக்னலே இல்லை. வாட்ச்மேன் தானே கேட்டைச் சாத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். புரோகிராமுக்குச் சேதியே போகாது. அது பாட்டுக்கு அடுத்த வரியை எழுத வரும், கேட் சாத்தியிருக்கும், திறக்கும் என்று நிற்கும். ஐந்து மணி நேரமானாலும் நிற்கும். கியூ அடித்தால் திறக்கும்.

"செத்தா தெரிஞ்சிடும்கா. தூங்கினாக்கூட தெரியும். இதான் மோசம். உயிரோட இருக்கும், வேல செய்யாது, பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது," என்றான். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

காலையில் ஆபீஸ் கிளம்புமுன் என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். உளுந்தூர்பேட்டை டயர் கடைக்குக் கிளம்பிக்கொண்டு தலை வாரினார். "நீ அமுக்கனத யாராச்சும் பாத்தாங்களா?" இல்லை என்றேன். "அந்தாளே தப்பு எம்மேலதான்னு ஒத்துக்கினான்ற. அப்பறம் ஒனக்கு இன்னா வந்துது? வாய மூடினு இரு. இந்த வேல போனா மறுபடி அந்த டி.டி.பி. கடையில போயி குந்துவியா?" சீப்பை வைத்துவிட்டுப் போனார். கெட்ட மனுஷன் இல்லை. பயந்தாங்கொள்ளி, என்னைப் போலவே.

நவ. 6, வியாழன்

லேசான தூறல். ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி, ரொட்டி.

தங்கம்மா ஜன்னலோரக் கட்டிலில். ஐம்பது வயசு இருக்கும். கால் முழுக்க மாவுக்கட்டு, கன்னத்தில் சிராய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"யாரும்மா?"

"ஆபீஸ்லருந்து வரேங்க. கோமதி. இப்ப எப்படி இருக்குது?"

சட்டென்று கண்ணைத் திறந்தாள். "இன்னொரு வாட்டி பேசு."

"இன்னாங்க?"

"அட, நீதான் அது! ஃபோனுக்குள்ளருந்து பேசுவியே, தண்ணி வருது எறங்காதன்னு." பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, "இவதாண்டி அந்தப் பொண்ணு, சொன்னேன்ல?" வலியோடு சிரிக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒன் கொரலு வந்துச்சின்னா நானு அந்தாண்டயே குந்திக்குவேன். எவ்ளோ நாழியானாலும் குந்தியிருப்பேன். அன்னிக்கும் ஃபோன கையிலயே புடிச்சினுதான் இருந்தேன். வருதா வருதான்னு பாத்தேன். வரல. வரலன்னா தண்ணி இல்லன்னுதான அர்த்தம்? எறங்கிட்டேன்."

மடியில் இருந்த சாத்துக்குடிப் பையை அவிழ்த்தேன்.

"ஒன்ன சொல்லி இன்னா பண்றது," என்றாள். "கொழாய பாக்காத காது குத்துல கறி துன்னப் போயிட்டான் அந்த அண்ணாமல. எந்தங்கச்சி அவங்கூட பேச்ச நிறுத்திட்டா. கட்டன புருஷன்னாலும் அக்காள கொல்லப் பாத்தவன்தான? ஊருல ஒருத்தரும் அவங்கிட்ட பேசறதில்ல."

சொல்ல வாயெடுத்தேன். நர்ஸ் ஊசி போட வந்தாள். நர்ஸ் வந்தது சாக்கு. நர்ஸ் இரண்டு நிமிடத்தில் போய்விட்டாள், நான் இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவ. 7, வெள்ளி

ரிப்போர்ட் அடித்தேன். 'கருவிப் பராமரிப்பாளர் திரு. அண்ணாமலை அன்று நண்பகல் குழாயைச் சுத்தம் செய்யத் தவறியதன் காரணமாக.' முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி கண்ட்ரோல் எஸ். ஒரு எழுத்துப் பிழை இல்லை. பதினொரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக அடித்ததில்லை.

மூன்று மணிக்கு அவர் கையெழுத்துப் போட வந்தார். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தது. மழை இல்லையே என்றேன்.

"பாலத்தண்ட நின்னுகினு இருந்தேம்மா. செவ்வாக்கெழமலருந்து நிக்கறேன். இனிமே ஃபோன எவன் நம்புவான்? அதான் சந்தைக்கு போறவங்க வரவங்களுக்கு நானே சொல்லிக்கினு."

பாலத்தில் பகல் முழுக்கத் தனியாளாக நிற்கிறார். யாரும் பேசாத ஊருக்குக் காவல்.

காகிதத்தை நீட்டினேன். படித்துப் பாருங்க அண்ணா என்றேன். அதைக்கூட மெதுவாகத்தான் சொன்னேன், படிக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு.

"நீ எழுதனா சரியாத்தான் இருக்கும்," என்றார். எங்கே போட வேண்டும் என்று விரலைக் காட்டினேன். போட்டார். இரண்டு பிரதி.

எனக்கு இரண்டு இட்லிகூட இறங்கவில்லை. பல் என்று இவரிடம் சொன்னேன்.

நவ. 8, சனி

நவீனுக்குப் போன் போட்டேன். ஹலோகூடச் சொல்லவில்லை. "நான்தான் அடிச்சேன். கண்ட்ரோல் எஸ். செவ்வாக்கிழமை உன்கிட்ட பொய் சொன்னேன்."



"இருங்கக்கா," என்றான். அங்கிருந்தே ஏதோ தட்டினான். "போய் இப்ப அடிச்சுப் பாருங்க." அடித்தேன். நிற்கவில்லை. அடுத்த வரி அதன் நேரத்துக்கு விழுந்தது. "அந்த சாவிய புடிக்காதேன்னு டெர்மினலுக்கு ஒரு வரி. அரை நிமிஷ வேலை. முதல் நாளே போட்டிருக்கணும். ஆபீஸ்ல டைப் பண்றவங்க உட்காருவாங்கன்னு யோசிக்கவே இல்ல. எம்மேலயும் தப்பு இருக்குக்கா."

ஆளாளுக்குத் தாமாகவே என் தப்பு என் தப்பு என்கிறார்கள், இத்தனை நாள் நான்தான் சொல்லவில்லை.

சாரிடம் போனேன். நின்றபடியே எல்லாம் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிசின் சரியாயிடுச்சில்ல?"

"ஆச்சு சார்."

"அப்ப இன்னாம்மா ஒனக்கு இன்னும்? அண்ணாமல கையெழுத்து போட்டாச்சு. இப்ப ஆபீஸ்லயே தப்புன்னு எழுதனா மொத்தமா இழுத்து மூடிட்டு போயிடுவாங்க. கருவியும் போவும், ஃபோனும் போவும். மேல்காட்டுக்குத்தான் நட்டம். தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் இன்னா மொழம் இன்னா."

வெள்ளம் என்ற வார்த்தை எப்படி வந்தது அவருக்கு. அவரும் அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். ரிப்போர்ட் கவரை எடுத்து மேசை டிராயரில் வைத்தார். "திங்கக்கெழம பேசிக்கலாம்."

திங்கள் அது கலெக்டர் ஆபீசுக்குப் போய்விடும்.

நாற்காலியில் உட்கார்ந்து என் கடிதம் ஒன்று அடித்தேன். ஒரு பக்கம். நான் அடித்தேன், நான் மணியைப் பார்க்கவில்லை, நான் பொய் சொன்னேன், நான் அந்த ரிப்போர்ட்டை எழுதினேன். மூன்று பிரதி. ஒன்று சார் மேசையில், கண்ணாடிப் பெட்டிக்கு அடியில். ஒன்று திங்கள் காலை நானே கலெக்டர் ஆபீசில் கொடுக்க. ஒன்று பையில்.

சார் சொன்னதும் உண்மையாக இருந்தால்? இழுத்து மூடினால்? யோசித்தேன். ஆனால் அதற்காக அண்ணாமலை அண்ணன் விலை கொடுக்கக் கூடாது.

நவ. 9, ஞாயிறு

காலை ஏழுக்கு வெள்ளிமலை பஸ். இவரிடம் சொல்லவில்லை, பாப்பாவிடம் சொன்னேன். ஜன்னல் சீட். வளைவுகளில் வாந்தி வருகிற மாதிரி, எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன். கீழே மூட்டம், மேலே பாதி வெயில். வெள்ளிமலையில் டீ, அங்கிருந்து வேன், அப்புறம் நடை.

தரைப்பாலத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அண்ணாமலை அண்ணன் நடுப் பாலத்தில் நின்று, ஒதுங்கிய கட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தார். தோளில் சிவப்புத் துண்டு. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். "இன்னாம்மா, தங்கம்மாவுக்கு இன்னா?"

"அவங்க நல்லா இருக்காங்க அண்ணா. நான் வேற சொல்ல வந்தேன்."

தண்ணீரில் நின்றபடியே சொன்னேன். கம்ப்யூட்டர், பொத்தான், சாவி, எல்லாவற்றையும் சொல்லப் பார்த்தேன். அதெல்லாம் அவருக்கு வேண்டியதாக இல்லை.

"கொழாய்ல எல அடைக்கல?"

"அடைக்கல. செய்தி நேரத்துக்கு வந்திருக்கு. நான்தான் மெசின நிறுத்திட்டேன். தெரியாம."

"தெரியாம." கட்டையைக் கையிலேயே வைத்திருந்தார். "எப்ப தெரிஞ்சுது ஒனக்கு?"

"செவ்வாக்கிழமை."

கட்டையை விட்டார். விரலை மடக்கினார். "செவ்வா. அன்னிக்குத்தான் எங்கண்ணன் வூட்டுல என்ன உள்ள வராதன்னாங்க. பொதன். எம்பொண்டாட்டி சோத்த வச்சிட்டு மூஞ்ச திருப்பிக்கினா. வியாழன், அவ அந்த சோத்தயும் வெக்கல." நாலாவது விரலில் நின்றுவிட்டார். "வெள்ளிக்கெழம எங்கிட்ட கையெழுத்து வாங்கனியே."

"ஆமாண்ணா."

"எங்க போடணும்னு வெரல காட்டனியே."

"ஆமா."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவுமில்லை. சிவப்புத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்தது எனக்கு, அடக்கிக்கொண்டேன். அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த அக்கிரமமும் வேண்டாம்.

அவர் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைக்கவில்லை, அழுத்திவிட்டு அப்படியே நீட்டிப் பிடித்தார். என் குரல். 'கவனிக்கவும். மேலே மழை. ஓடையில் தண்ணீர் ஏறுகிறது. தரைப்பாலத்தில் இறங்க வேண்டாம்.' பாலத்து மேல் நல்ல வெயில். நடுக்கமே இல்லை அந்தக் குரலுக்கு, எவ்வளவு அழகாகப் பேசுகிறது. இரண்டு தடவை சொல்லிவிட்டு நின்றது.

எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். பஸ் அந்தப் பக்கம். ஊர் இந்தப் பக்கம்.

"இந்தாண்ட வா," என்றார். "எம்பொண்டாட்டிகிட்ட நீயே வந்து சொல்லு."

போனேன். கரை ஏறிப் பத்து நிமிடம் இருக்கும், தண்ணீர் வந்தது. செம்மண் நிறம், கிளையும் சருகுமாக. பாலம் காணாமல் போனது. எதிர்க்கரையில் நாலைந்து பேர் சாக்கு மூட்டையோடு வந்து நின்றிருந்தார்கள். ஃபோனைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டு அங்கேயே குந்திக்கொண்டார்கள்.

இதை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்து. தண்ணீர் வடிந்த பிறகுதான் இறங்க முடியும். பாக்கியம் முறத்தில் தினை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பித்ததும் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள், அக்காளைப் போலவே. முழுதும் கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன், படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன். கடைசி வரி வரைக்கும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

அப்புறம் எழுந்தாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள். அவர் வெளியிலேயே, உள்ளே வராமல், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கால கழுவிக்கினு வா," என்றாள் அவரிடம். "சோறு போடறேன்."